தேடிப் போகிறவள் பெயர் செவிலி

செவிலி என்றால் நர்ஸ் என்றுதான் ரொம்பக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலூரில் அரசு ஆஸ்பத்திரிப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும். செவிலியர் அறை, செவிலியர் கண்காணிப்பாளர். வெள்ளை உடுப்பு, ஊசி, 'கூட வந்தவங்க எல்லாம் வெளிய நில்லுங்க' என்கிற அதட்டல். அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வேலையை விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் அல்சூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பழைய அகப்பாட்டுகளை வரி வரியாகப் பிரித்துச் சொல்வார். தமிழ்ப் பற்றால் போனேன் என்று சொன்னால் பொய். மகள் வீட்டை விட்டுப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டிலேயே இருந்தால் நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க இடம் தேட வேண்டியிருந்தது. எங்கள் வீடோ சின்ன வீடு.

அந்த வகுப்பில்தான் செவிலி யார் என்று தெரிந்தது. அந்தப் பாட்டுகளில் வருகிற பெண்ணுக்கு இரண்டு அம்மா. பெற்றவள் நற்றாய். வளர்ப்பவள் செவிலி. ஊட்டுவது, தலை வாருவது, பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வது, முகம் வாடியிருந்தால் என்னவென்று கேட்பது எல்லாம் செவிலியின் வேலை. பெண்ணுக்கு ஒரு தோழி உண்டே, அவள்கூட இந்தச் செவிலியின் மகள்தான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். செம்மையாக வளர்க்கிறவள் என்று சிலர் பொருள் சொல்வார்கள், செவி என்பதோடு சேர்த்து விளக்குகிறவர்களும் உண்டு, எதையும் அடித்துச் சொல்வதற்கில்லை என்றார் வகுப்பெடுப்பவர். நற்றாய் என்பதில் அப்படி ஒன்றும் குழப்பம் இல்லை. நல்ல தாய், அவ்வளவுதான். வேலை எதுவும் கொடுக்காததால் ஆறுதலுக்கு ஒரு 'நல்ல' போட்டிருப்பார்கள் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பெடுப்பவர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காதல் பாட்டுகளில் யாருக்கும் பெயர் வைக்கக் கூடாதாம். தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். அது அந்தக் காலத்து விதி. எனக்கு அந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று. என் மகளுடைய செவிலியின் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் அவர் கணக்கில் ஒரு பெருமையாகச் சேர்ந்துவிடும்.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். மனத்துக்குள் 'அவள்'தான். அச்சில் வருவதற்காக மரியாதையாக அவர் என்று எழுதுகிறேன். இப்போது அவர் ஓசூரில் தன் மகளோடு இருக்கிறார். எங்களிடம் பிள்ளை பார்க்கும் வேலையில் இருந்த காலத்தில் மர்பி டவுனில் குடியிருந்தார். அங்கிருந்து காக்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிடுவார். குள்ளம், நல்ல அகலம். என் மகளை அவர் இடுப்பில் வைத்தால் மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். என் இடுப்பில் வைத்தால் வழுக்கி வழுக்கிக் கீழே வருவாள். இடுப்பில் வித்தியாசம் இருக்கும் என்று கடவுள் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் சாயங்காலத்தைத்தான் சொல்ல வேண்டும். அவர் மொத்தமும் அதில் அடங்கிவிடும்.

கம்பெனி பஸ் என்னை முனையில் இறக்கிவிடும். நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்க்காத தவிப்பில் ஓட்டமும் நடையுமாக வருவேன். பால் கட்டி மார்பு கல்லாகியிருக்கும். கதவைத் திறப்பார். மகள் அவர் இடுப்பில் இருப்பாள். நான் கையை நீட்டுவேன். அவர் ஒரு எட்டுப் பின்னால் போவார்.

"வெளி சூட்டோட பிள்ளைய தொடக்கூடாது. மொதல்ல கை கால் கழுவிட்டு வந்து உக்காரும்மா. தண்ணி குடி."

என் வீட்டில், என் பிள்ளையைத் தொட, நான் கை கால் கழுவிக்கொண்டு வர வேண்டும். கழுவிக்கொண்டு வருவேன். உட்காருவேன். சொம்பை நீட்டுவார், குடிப்பேன். அப்போதாவது கொடுப்பாரா என்றால், இல்லை. அறிக்கை பாக்கி இருக்கும்.

"இன்னிக்கு பாப்பா இன்னா பண்ணா தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். தினமும் அதே ஆரம்பம். "காலைல நல்லா போனா. கலரு நல்லா இருந்துச்சு. ராகிக் கஞ்சி குடுத்தேன், பாதி என் மேலயே துப்பிட்டா. அப்புறம் ஜன்னல்ல காக்கா வந்துச்சா, அத்த பாத்து கைய நீட்டி வா வான்றா. தூங்கி எழுந்து ஸ்வல்ப நேரம் சும்னே அழுதா. இன்னாத்துக்குன்னு பாத்தா, மேல் வீட்டு குக்கர் விசிலு. அதுக்கு பயந்துக்கிச்சு."

கன்னடம் கலந்த தமிழில் இதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பிள்ளை என் மடிக்கு வரும். அதற்குள் என் சுடிதார் நனைந்துவிட்டிருக்கும். நடுவில் குறுக்கிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார், காலையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். அதனால் வாயை மூடிக்கொண்டு கேட்கப் பழகினேன். என் பிள்ளையின் நாளை நான் பார்த்ததே கிடையாது. காதால்தான் கேட்டிருக்கிறேன்.

பழைய நூல்களில் தாய்மாரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்களாம். பாராட்டுகிறவள், ஊட்டுகிறவள், பால் கொடுக்கிறவள், கையில் ஏந்துகிறவள், செவிலி. வகுப்பில் இதைக் கேட்டதும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் புதிதாகக் கிளம்பியது. எங்கள் வீட்டில் நான்கு பதவிகளை அவர் வைத்துக்கொண்டு ஒன்றை எனக்கு விட்டிருந்தார். அதையும் நான் ஆபீஸ் பாத்ரூமில் நின்றுகொண்டு பம்ப் வைத்துச் செய்தேன்.

அவரிடம் குறையே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குழந்தை டாக்டர் சொன்ன எதையும் அவர் மதித்ததில்லை. ஒரு வயதுக்குள் டீ கூடாது என்றால், டீயில் நனைத்த பன் டீ ஆகாது என்பார். கன்னத்தில் ரூபாய்க் காசு அகலத்துக்கு மையால் பொட்டு வைப்பார். நான் தினமும் சாயங்காலம் துடைப்பேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்திருப்பார். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சீரியல் பார்க்கும்போது மட்டும் பிள்ளை அழுதால் அவருக்குக் காது கேட்காது. அதை அறிக்கையில் சேர்க்க மாட்டார் என்று எதிர்பார்த்தேன். சேர்த்துவிடுவார். "நாடகத்துல மும்முரமா இருந்தேன், பாப்பா கத்தினது கேக்கல, அப்புறம் பாத்தா மூக்கெல்லாம் ஒழுவுது" என்று அவரே சொல்வார். திட்டக்கூட இடம் கொடுக்காத மனுஷி.

தன் தவறைக்கூட மறைக்காதவர்தான். ஒன்றை மறைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் மகள் நாற்காலியை விட்டுவிட்டு என்னைப் பார்த்து நடந்து வந்தாள். தள்ளாடித் தள்ளாடி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. நான் கத்திய கத்தலில் கணவர் ஷேவிங் நுரையோடு ஓடி வந்தார். அவள் முதன்முதலில் நடந்தது என்னிடம் வருவதற்காக. அந்த வாரம் முழுக்க ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். கேன்டீன் பையனிடம்கூடச் சொன்னேன்.

அக்காவுக்கு ஒரு மகள் உண்டு. என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவள். பள்ளி விட்டதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்தப் பெண்ணிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அது வெள்ளந்தியாக, "பாப்பா போன வாரமே நடந்துச்சே ஆன்ட்டி, எங்கம்மாகிட்ட" என்றது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சொல்லல அக்கா?"

"நீ பாக்கணும்ல. நீ பாத்தாதாம்மா அது மொதல்."

நன்றி சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது கோபம். நான் கொண்டாடிய முதல் நடை, அவர் பார்த்துச் சலித்த பிறகு எனக்கு எடுத்துவைத்த மீதி. தினமும் அறிக்கையைக் கேட்டுத் தலையாட்டியதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இப்படிப் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தது வலித்தது. ராத்திரி கணவரிடம், ஆளை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். பிள்ளை எடை ஏறியிருக்கிறது, நீ பேசாமல் படு என்றார்.

அடுத்த மாதமோ என்னவோ, ஆபீசில் சர்வர் படுத்துக்கொண்டது. மத்தியானமே எங்களை பஸ்சில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வீடு பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்தால் உள்ளே யாரும் இல்லை. தூளி சும்மா தொங்குகிறது. அப்போதெல்லாம் அக்காவிடம் செல்போன் கிடையாது. படியிறங்கி ஓடினேன். கீழ் வீட்டு அம்மாள், "இன்னிக்கு பௌர்ணமி இல்ல, அவங்க விகாரைக்குப் போயிருப்பாங்க" என்றார். அக்கா வீட்டில் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். பௌர்ணமிதோறும் என் பிள்ளையும் போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத்தான் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மர்பி டவுனுக்கு ஆட்டோவில் போனேன். விகாரை இருக்கும் சந்தில் குழாயடியில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் யாரோ ஒருத்தி மடியில் என் மகள். கையில் பன், கன்னத்தில் பொட்டு, வாயெல்லாம் சிரிப்பு. அந்தச் சந்தில் எல்லோருக்கும் அவள் பெயர் தெரிந்திருந்தது. ஒருத்தி கை தட்டுகிறாள், ஒருத்தி பாடுகிறாள். நான் போய் முன்னால் நின்றேன்.

"இன்னாம்மா வேணும்? பாப்பாவுக்கு நீங்க இன்னா ஆவணும்?" என்று மடியில் வைத்திருந்தவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் உள்ளேயிருந்து அக்கா வந்துவிட்டார்.

"ஏய், வுடுடி. அது பாப்பாவோட சொந்த அம்மா."

சொந்த அம்மா. வெறும் அம்மா என்று சொல்லி நிறுத்த அவருக்கு வாய் வரவில்லை. அம்மா என்று சொன்னால் அந்தச் சந்தில் வேறு யாரையோ நினைத்துக்கொள்வார்கள். அதனால் என் விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு முட்டு கொடுக்க வேண்டியிருந்தது. நற்றாய்க்கு 'நல்' கொடுத்த மாதிரி. இதைப் பல வருஷம் கழித்து வகுப்பில் உட்கார்ந்து யோசித்தபோதும் காது சூடாயிற்று.

பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். அக்கா குழாயைக் காட்டினார். அத்தனை பெண்கள் முன்னால், தெருக் குழாயில், பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு கால் கழுவினேன். அதற்கப்புறம்தான் கொடுத்தார். மகள் என் தோளுக்கு மேலாக அவர் பக்கம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் அழுதாள்.

மகள் நாலாவது படிக்கும்போது அவரை நிறுத்தினேன். எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று பக்கத்தில் திறந்திருந்தார்கள். கேமரா உண்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். பாப்பா பெரியவளாகிவிட்டாள் அக்கா, இனிமேல் சிரமப்பட வேண்டாம் என்றேன். சரிம்மா என்றார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கடைசி நாள் சாயங்காலமும் என்னைக் கால் கழுவ வைத்து, தண்ணீர் கொடுத்து, உட்கார்த்தி அறிக்கை வாசித்தார். "நாளைக்கு கணக்கு டெஸ்டாம், பேஜாரா இருக்கா. திட்டாத" என்று முடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கேமராவில் மகளைப் பார்த்தேன். ஓரமாக உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். தினமும் பார்த்தேன், தினமும் கடித்தாள். பக்கத்தில் இருந்து யாராவது சொன்னால்தானே ஏன் என்று தெரியும். கேமரா எதையும் சொல்லாது.

அக்கா வீட்டுக்கு வருவது நின்றாலும் அவர் மகளோடு என் மகளுக்கு இருந்த சிநேகம் நிற்கவில்லை. இரண்டும் வளர்ந்து, ஆளுக்கொரு வேலைக்குப் போன பிறகும் ஒரே ஸ்கூட்டியில் சுற்றிக்கொண்டிருந்தன. போன வருஷம் மகள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். கன்னடம் பேசுகிற வீடு, வேறு சாதி. கணவர் குதித்தார். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். ஒரு வாரம் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்பிப் போனாள். மத்தியானம் போனில் செய்தி வந்தது. கல்யாணம் பண்ணிக்கொண்டேன், நன்றாக இருக்கிறேன், கொஞ்ச நாள் கூப்பிடாதீர்கள். ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்து போட்டவள் அக்காவின் மகள் என்று பிறகு தெரிந்தது.

பழைய பாட்டிலும் அப்படித்தான். பெண்ணைக் காதலனோடு அனுப்பிவைக்கிறவள் தோழி. வகுப்பில் உடன்போக்கு, அதாவது பெண் காதலனோடு கிளம்பிப் போகிற கட்டம் வந்தபோது நான் வெளியே எழுந்து போயிருக்கலாம். போகாமல் உட்கார்ந்திருந்தேன். பெண் போய்விட்டாள் என்று தெரிந்ததும் நற்றாய் வீட்டோடு இருந்து புலம்புகிறாள். அவள் விளையாடிய இடத்தைப் பார்த்து அழுகிறாள். செவிலி அழுகையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். வெயில் பொசுக்குகிற பாலை வழியில், எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, என் மகளைப் பார்த்தீர்களா என்று விசாரித்துக்கொண்டே போகிறாள்.

"பெத்தவ ஏன் சார் போகல?" என்று கேட்டேன்.

"மரபு அப்படிம்மா" என்றார். "அதுமட்டும் இல்ல. பொண்ணு குடித்தனம் பண்ண ஆரம்பிச்ச பிறகும் செவிலிதான் போய்ப் பார்த்துட்டு வருவா. வந்து, அவ எப்படி இருக்கான்னு நற்றாய்கிட்ட சொல்லுவா."

இரண்டாயிரம் வருஷமாகப் பெற்றவளுக்கு வேலை வீட்டில் உட்கார்ந்து காதால் கேட்பதுதானா? அந்தப் பாட்டுகளை எழுதியவர்கள்மேல் கோபம் வந்தது. வகுப்பெடுப்பவர்மேல் வந்தது. வீட்டுக்குப் போனால் கணவர், "அவளா வரட்டும்" என்றார். ஆமாம், அவளா வரட்டும் என்றுதான் நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது, எனக்கு அவள் இருக்கும் இடமே தெரியாது.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் மணி அடித்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், முட்டி வலி போல. திறக்காமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. இவர் பெற்ற பெண்தானே கையெழுத்துப் போட்டது. ஆனால் அவர் எதற்கு வந்திருப்பார் என்றும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. திறந்தேன்.

உள்ளே வந்து நாற்காலியைக் காட்டினார், எனக்கு.

"நீ மொதல்ல உக்காரும்மா. தண்ணி குடி."

"நான் வெளிய எங்கயும் போகல அக்கா, வீட்லதான் இருந்தேன்."

"பரவால்ல, குடி."

குடித்தேன். அவரும் எதிரே மெதுவாக உட்கார்ந்தார்.

"இன்னிக்கு பாப்பா இன்னா பண்ணா தெரியுமா?"

அத்தனை வருஷம் கழித்து, குரல்கூட மாறாமல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி தொடர்ந்தார். "மாடி மேல சின்ன வீடு. ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு. தண்ணி காலைல மட்டுந்தான் வுடறாங்க. பாப்பா எழுந்து கொடத்துல புடிச்சு வெச்சிடறா. முள்ளங்கி சாம்பார் வெச்சா. உப்பு கம்மி. அந்த பையன் ஒண்ணும் சொல்லாம சாப்ட்டான். சாப்ட்டு அவன் தட்ட அவனே கழுவினான்."

"முள்ளங்கி அவளுக்குப் பிடிக்காதே."

"அவனுக்கு புடிக்குமாம்."

பதினைந்து வயது வரைக்கும் முள்ளங்கி வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடியவள்.

"நகம் கடிக்கிறாளா?"

"இல்ல. நல்லா வளத்துக்கினு இருக்கா. சிவப்பு பாலிஷ்."

கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். "என்னைப் பத்திக் கேட்டாளா?"

அக்கா என்னை நேராகப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். "கேக்கல."

"உங்கள மட்டும் எப்படிக் கூப்பிட்டா?" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"யாரு கூப்ட்டா? நானாதான் போனேன். என் பொண்ணாண்ட அட்ரஸ் கேட்டேன், பாப்பாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டா. பையன் பீன்யால வேல செய்யறான்னு மட்டும் தெரியும். போயி எறங்கி, ஒவ்வொரு ஃபேக்டரி கேட்டாண்டயும் நின்னேன். பையன் பேர சொல்லி வாட்ச்மேனுங்கள கன்னடத்துல கேட்டேன். நேத்து ஃபுல்லா அலஞ்சும் கெடைக்கல. இன்னிக்கு மறுபடியும் போனேன், ஒரு கேட்டுல இருந்தான். அவனே வண்டில இட்டுக்கினு போனான்."

சிமென்ட் ரோடு, லாரிப் புழுதி, நிழலே இல்லாத பீன்யா வெயில். அதில் முட்டி வலியோடு ஒருத்தி கேட் கேட்டாக விசாரித்துக்கொண்டு போயிருக்கிறாள். பெற்றவள் இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அவளா வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஒரு பேர் இருக்கு அக்கா" என்றேன். "பழைய பாட்டுல வருது. செவிலி."

"அது நர்ஸம்மா இல்ல? நான் இன்னா ஊசியா போடறேன்?" என்று சொல்லி எழுந்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "பாப்பா உன்ன வரச் சொல்லலம்மா. ஆனா நீ போனா கதவ சாத்த மாட்டா. எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியுமாம். அதையும் அவர்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தெருவின் பெயரும் வீட்டு அடையாளமும் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். சம்பளம் வாங்குகிறவராக எந்தப் படியில் இறங்கிப் போனாரோ அதே படி.

மறுநாள் கணவரிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மெஜஸ்டிக் பஸ்சில் ஏறினேன். அங்கிருந்து மெட்ரோ. பீன்யாவில் இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. பேக்கரிக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட், வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. அக்கா சொன்ன அடையாளம் ஒன்றுகூடத் தவறவில்லை. அது வேறு எரிச்சல்.

கதவைத் தட்டினேன். மகள் திறந்தாள். நைட்டி, தலையில் துண்டு, விரல்களில் சிவப்புப் பாலிஷ். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு நிமிஷம் சின்னப் பிள்ளை மாதிரி கோணியது, பிறகு சரியாயிற்று. நான் கையை நீட்டினேன். அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"வெயில்ல வந்திருக்க" என்றாள். "மொதல்ல கை கால் கழுவிட்டு வந்து உக்காரும்மா. தண்ணி குடி. அப்புறம் சொல்றேன்."

அது யாருடைய பேச்சு என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். நான் பாத்ரூமுக்குப் போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. அவள் பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டேன். பொறாமையில் வயிறு பற்றி எரிந்தது. காலை நன்றாகவே தேய்த்துக் கழுவினேன்.